பழைய படம் இருக்கிறதா?

மஃபூச்சி நோயில் புற்றுநோய் அபாயமும் சிகிச்சையும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



எலும்பு மருத்துவனாக என் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களில் கழித்தவன் நான். அரிய நோய் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் அழைத்தபோது, நான் தயங்காமல் தேர்ந்தெடுத்தது மஃபூச்சி நோயை. எலும்புக்குள் குருத்தெலும்புக் கட்டிகளும், தோலுக்கடியில் ரத்தக்குழாய்க் கட்டிகளும் சேர்ந்து வருகிற நோய் அது. அதை விளக்குவதற்கு முன் நம் ஊர் எலும்பு ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது முழுவதும் அதில்தான் தொடங்குகிறது.

தொலைந்த எலும்பும் காப்பாற்றிய எலும்பும்

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் மிகப் பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த விலங்குக்கு ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். முதலில் அதை ஊனுண்ணி டைனோசர் என்று எண்ணினார்கள். பிறகு தாவரம் தின்னும் நீள்கழுத்து இனம் என்று முடிவானது. உலகில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம்.

‘இருந்திருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடிகிறது. ஏனென்றால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் பட்டு நொறுங்கிப்போயின. அதன்பின், “அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம்” என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் கிடக்கிற பகுதி இது. சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு பதில் கிடைத்தது 2022இல். கண்டெடுத்த காலத்துப் பழைய புகைப்படங்களை அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் அந்த ஆண்டு வெளியிட்டார்கள். எலும்பு போன பிறகு அதற்காகச் சாட்சி சொன்னது பழைய படம்தான்.

இன்னொரு எலும்பு கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்தது. கொம்புள்ள டைனோசர் ஒன்றின் கால் எலும்பு. வயது ஏறத்தாழ ஏழரைக் கோடி ஆண்டுகள். 1989இல் எடுத்தபோது, முறிந்து கூடிய எலும்பு என்று குறித்து வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து எலும்பு மருத்துவர்களும் நோய்க்குறியியல் வல்லுநர்களும் சேர்ந்து அதை சி.டி. ஸ்கேன் செய்தார்கள், மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள், மனித எலும்புப் புற்றோடு ஒப்பிட்டார்கள். அது முறிவு அல்ல, எலும்புப் புற்றுநோய் என்று 2020இல் அறிவித்தார்கள்.

ஓர் எலும்பைப் பாதுகாத்தார்கள். தவறான முடிவைப் பின்னால் திருத்த முடிந்தது. ஓர் எலும்பு தொலைந்தது. இன்றுவரை வாதம் ஓயவில்லை. மஃபூச்சி நோயாளியின் வாழ்க்கையிலும் இதுவேதான் நடக்கிறது. இன்றைய எக்ஸ்ரே படம் பாதிச் செய்தியைத்தான் சொல்லும். ஐந்து ஆண்டுக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் மீதிப் பாதி தெரியும்.

நோயின் முகம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து நோய்க்குறியியல் அறிஞர் ஆஞ்சலோ மஃபூச்சி, 1881இல் 40 வயதுப் பெண் ஒருவரின் நோயைப் பதிவு செய்தார். ரத்தக்குழாய்க் கட்டியிலிருந்து அடிக்கடி கடும் ரத்தப்போக்கு. கையை வெட்டி எடுத்தார்கள். அதன் பின்விளைவில் அவர் இறந்துபோனார். அப்போது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படவில்லை. 1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த சில ஆண்டுகளில், பிரான்சின் லியோன் நகர அறுவை மருத்துவர் ஒல்லியே, எலும்புக்குள் பல குருத்தெலும்புக் கட்டிகள் வரும் நிலையை விவரித்தார். இன்று இரண்டையும் இப்படிப் பிரிக்கிறோம்: குருத்தெலும்புக் கட்டிகள் மட்டும் இருந்தால் ஒல்லியே நோய், அவற்றோடு ரத்தக்குழாய்க் கட்டிகளும் இருந்தால் மஃபூச்சி நோய்.

குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நடக்கத் தொடங்கி, பள்ளிக்குப் போகும் வயதுக்குள் விரல்களில் கல் போன்ற முண்டுகள் எழும். ஒரு கை குட்டையாகும், முன்கை வளையும், ஒரு கால் நீளம் குறையும். சின்ன அடிக்கே எலும்பு முறியும். தோலுக்கடியில் நீலநிறத்தில் மெத்தென்ற கட்டிகள் தோன்றும். அழுத்தினால் அமுங்கும், விட்டால் நிரம்பும். அந்தக் கட்டிகளுக்குள் சில சமயம் சிறு கற்கள் உறைந்திருக்கும். எக்ஸ்ரேயில் கடுகு சிதறியது போல வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். எலும்புக் கட்டியும் இந்தப் புள்ளிகளும் ஒரே படத்தில் தெரிந்தால் மஃபூச்சியை நினைத்தாக வேண்டும். மாணவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இந்த முண்டுகளோடு வரும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது எண்ணெய் போட்டு நீவுதலும், கட்டுக் கட்டுதலும். நீவினால் கட்டி கரையாது. நோஞ்சானாகியிருக்கிற எலும்பு நீவலிலேயே முறியலாம். நீலக் கட்டியைக் கீறினால் ரத்தம் நிற்பது கடினம். பெரியவர்களே, உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீவவும் விடாதீர்கள், கீறவும் விடாதீர்கள்.

தாயின் மேல் பழி வேண்டாம்

இந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் என்னிடம் தனியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள். “கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேன், அதனாலயா சார்?” என்று கேட்டவர்கள் உண்டு. “அத்தை மகனைக் கட்டிக்கிட்டேன், அதனாலயா?” என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி அவர்களுடையதன்று. வீட்டில் யாரோ பழி சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கான பதிலை 2011இல் அறிவியல் தந்துவிட்டது. நெதர்லாந்தின் லைடனிலும் லண்டனிலும் இரு ஆய்வுக் குழுக்கள் ஒரே காலத்தில் ஒரே உண்மையைக் கண்டன. இந்நோயாளிகளில் பெரும்பாலோரின் கட்டிச் செல்களில் ஐ.டி.எச்.1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. சிலருக்கு அதன் உடன்பிறப்பான ஐ.டி.எச்.2இல் இருக்கிறது. அந்தப் பிழை தாயின் முட்டையிலும் இல்லை, தந்தையின் விந்திலும் இல்லை. கரு உருவான பிறகு, வளரும் செல்களில் ஏதோ ஒன்றில் தானாக நேர்ந்தது. அந்த ஒரு செல்லின் வழிவந்த செல்களில் மட்டும் பிழை தொடர்கிறது. அதனால்தான் ஒரு கையில் கட்டியும் மறு கையில் ஒன்றுமில்லாமலும் இருக்கிறது. விதைநெல் முழுதும் நல்ல நெல்லாக இருந்து, நாற்றங்காலில் ஒரு மூலையில் மட்டும் பழுது விழுந்ததைப் போல.

அந்த மரபணு உருவாக்கும் பிழைபட்ட நொதி, செல்லுக்குள் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. முதிர்ந்து எலும்பாக மாற வேண்டிய குருத்தெலும்புச் செல் அதனால் முதிராமலே தங்கிவிடுகிறது. அந்தத் தேக்கம்தான் கட்டி.

எனவே கிரகணமும் காரணமில்லை, சொந்தத்தில் செய்த திருமணமும் காரணமில்லை, சாபமும் இல்லை. எலும்பின் வெளிப்புறத்தில் முளைகள் வரும் இன்னொரு நோய் உண்டு. அது பரம்பரையாக வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு பெண்ணின் திருமணத்தை நிறுத்திவிடக் கூடாது. இதைச் சொல்லுகிற கடமை மருத்துவருக்கு மருந்து எழுதுகிற கடமைக்குச் சமமானது.

எவ்வளவு அபாயம்?

இந்தக் குருத்தெலும்புக் கட்டிகள் புற்றல்ல. ஆனால் அவற்றுள் ஏதாவது ஒன்று புற்றாக மாறலாம். அந்தப் புற்றுக்குக் காண்ட்ரோசார்கோமா என்று பெயர். 2011இல் ஐரோப்பிய மருத்துவ மையங்கள் சேர்ந்து, ஒல்லியே, மஃபூச்சி நோயாளிகள் 161 பேரை ஆராய்ந்து வெளியிட்டன. அவர்களில் 40 சதவீதம் பேருக்கு இந்தப் புற்று வந்திருந்தது. கட்டிகள் கை விரல்களிலும் பாதங்களிலும் மட்டும் இருந்தவர்களுக்கு 15 சதவீதம். தொடை, கை முதலிய நீண்ட எலும்புகளிலோ இடுப்பு, தோள்பட்டை எலும்புகளிலோ கட்டி இருந்தவர்களுக்கு 40 சதவீதத்துக்கும் மேல்.

இந்த எண்ணைக் கேட்டு யாரும் உறக்கம் கெட வேண்டாம். பெரிய புற்றுநோய் மையங்களுக்கு வந்து சேர்ந்தவர்களை எண்ணியது இது. தொல்லையின்றி ஊரில் வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே உண்மையான அபாயம் இதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த எண் ஒரு வழியைக் காட்டுகிறது. விரலில் துருத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற முண்டைவிட, இடுப்புக்குள் ஒளிந்திருக்கும் கட்டிதான் நம் கவனத்தைக் கூடுதலாகக் கேட்கிறது.

அபாயம் எலும்போடு நிற்பதில்லை. மூளைக் கட்டி வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். பெண்களுக்குச் சூலகக் கட்டி, அரிதாக வேறு உறுப்புகளில் புற்று என்றும் பதிவுகள் உள்ளன. ஆகவே தொடர்ந்த தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல், வயிற்றில் வீக்கம் என்று வந்தால், “உனக்கு எலும்பு நோய்தானே” என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கிரகணத்துக்கு வெட்டிய படம்

2020 தொடக்கத்தில் ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்காட்டில் வேலை. விரல்களில் முண்டுகள், முன்கையில் நீலக் கட்டிகள். அவற்றோடு பருத்தி எடுத்துப் பழகிவிட்டவர். வந்தது அவற்றுக்காக அல்ல. “ராத்திரியில தோளு வலி தூங்க விடலைங்க” என்றார். அடி எதுவும் படவில்லை.

எக்ஸ்ரேயில் மேல்கை எலும்பின் உச்சியில் ஒரு கட்டி இருந்தது. அது சிறுவயதிலிருந்தே அப்படியே இருப்பதா, புதிதாக வளர்வதா? “பழைய படம் இருக்கா அம்மா?” என்று கேட்டேன். இருந்ததாம். பத்தாண்டுக்கு முன் எடுத்த படம். 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் பார்க்கப் பிள்ளைகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். எக்ஸ்ரே படத்தின் வழியே சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கும் கேடு. அன்று கேடு அதோடு நிற்கவில்லை.

படம் எடுத்த மருத்துவமனையிலும் நகல் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சந்தேகம் தீரவில்லை. மூன்று மாதம் விட்டு மறுபடி எடுத்து ஒப்பிட்டபோதுதான் கட்டி வளர்வது உறுதியானது. அந்த மூன்று மாதமும் அவர் வலியோடுதான் இருந்தார். பழைய படம் இருந்திருந்தால் முதல் நாளே சென்னைக்கு அனுப்பியிருப்பேன். அந்தக் குறையில் என் பங்கும் உண்டு. பல ஆண்டுகளாக நோயாளிகளின் கையில் படத்தைக் கொடுத்து அனுப்பினேனே தவிர, அதை ஏன் காக்க வேண்டும் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

குருத்தெலும்புக் கட்டி சாதுவா, முதல் நிலைப் புற்றா என்பதைப் பிரிப்பது நுண்ணோக்கியின் கீழும் கடினம். கைதேர்ந்த வல்லுநர்களே ஒரே துண்டைப் பார்த்து வேறு வேறு முடிவு சொல்வதுண்டு. அதனால்தான் காலம் இங்கே சாட்சியாகிறது. வளர்ச்சி நின்ற வயதுக்குப் பிறகு ஒரு கட்டி வளர்ந்தால், அடிபடாமல் வலித்தால், இரவில் வலி எழுப்பினால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிகிச்சையின் படிகள்

சாதுவான கட்டிகளை எல்லாம் அகற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எலும்பு முறிந்தாலோ, விரல் வேலை செய்ய முடியாமல் போனாலோ, கட்டியைச் சுரண்டி எடுத்து எலும்புத்தூள் நிரப்புவோம். கால் நீளக் குறைவுக்கும் வளைவுக்கும், சைபீரியாவில் இலிசரோவ் வகுத்த வளையச் சட்டம் உதவுகிறது. வலிக்கும் ரத்தக்குழாய்க் கட்டிகளுக்கு ஊசி மருந்தால் சுருங்கச் செய்யும் முறை உண்டு, தேவைப்பட்டால் அறுவை உண்டு. சிரோலிமஸ் என்ற மாத்திரையையும் சிலருக்குத் தந்து பார்க்கிறார்கள்.

புற்று என்று சந்தேகம் வந்தால் முதல் விதி, அவசரப்பட்டுத் துண்டு எடுக்காதீர்கள். ஊசி போன பாதையில் புற்றுச் செல்கள் சிந்தலாம். இறுதி அறுவையில் அந்தப் பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். எனவே எந்த மருத்துவமனையில் பெரிய அறுவை நடக்கப்போகிறதோ, அங்கேயே துண்டும் எடுக்க வேண்டும். தவறான இடத்தில் போட்ட ஒரு சின்னக் கீறலால், காப்பாற்றியிருக்கக்கூடிய கையை இழக்க நேரலாம்.

நீண்ட எலும்பில் முதல் நிலையில் இருக்கும் கட்டியை ஆழச் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் போதும். இரண்டாம், மூன்றாம் நிலை என்றால் சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து முழுமையாக வெட்டி எடுக்க வேண்டும். இந்தப் புற்றுக்குக் கீமோதெரபி பெரும்பாலும் பலன் தராது; வழக்கமான கதிர்வீச்சுக்கும் எளிதில் கட்டுப்படாது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் வந்தால் மட்டும் புரோட்டான் கதிர் நன்றாக உதவுகிறது. அந்த வசதி 2019 முதல் சென்னை தரமணியில் இருக்கிறது. மற்றபடி, அறுவைதான் சிகிச்சை. அறுவை எளிதாக இருக்க வேண்டுமானால், சீக்கிரம் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எலும்பை வெட்டினால் கை கால் போய்விடும் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியின் எலும்பு அறுவை மருத்துவர் மயில்வாகனன் நடராஜன், 1980களிலிருந்தே நோயாளியின் அளவுக்கு உள்நாட்டில் செய்த பெரிய உலோகச் செயற்கை எலும்புகளைப் பொருத்தி, ஏழைகளின் கை கால்களைக் காத்தார். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நான் சொன்ன பருத்திக்காட்டுப் பெண்ணுக்கும் கை போகவில்லை. மேல்கை எலும்பின் உச்சியை எடுத்து உலோகம் வைத்திருக்கிறார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சாப்பிட முடிகிறது, பருத்தி எடுக்க முடிகிறது.

மருந்திலும் வழி திறக்கிறது. பிழைபட்ட ஐ.டி.எச்.1 நொதியைத் தடுக்கும் ஐவோசிடெனிப் மாத்திரைக்கு 2018இல் அமெரிக்கா ரத்தப் புற்றுக்கு அனுமதி அளித்தது. முற்றிய காண்ட்ரோசார்கோமா நோயாளிகள் 21 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் வளராமல் நின்றது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் நடுமதிப்பாக ஐந்தரை மாதம். சிறிய ஆய்வு, சிறிய பலன். ஆனால் நோயின் வேரையே நோக்கிப் போகும் முதல் மருந்து. இதே பிழை உள்ள ஒருவகை மூளைக் கட்டிக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024இல் அங்கே அனுமதி கிடைத்தது. இந்த மருந்துகள் நம் ஊர் நோயாளிகளின் கைக்கு எட்டும்வரை நம் கையில் இருக்கும் ஆயுதம் கண்காணிப்பு.

ஒரு பக்க நோட்டு

கண்காணிப்பு என்றால் என்ன? நோய் தெரிந்தவுடன் உடல் முழுக்க எலும்புகளைப் படமெடுத்து ஒரு தொடக்கக் கணக்கு எழுதிக்கொள்வது. பிறகு ஆண்டுதோறும் ஒரே மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பது. இடுப்பு, தோள் போன்ற இடங்களுக்கு அவ்வப்போது எம்.ஆர்.ஐ. பல மையங்கள் மூளைக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. இது வாழ்நாள் முழுதும் நடக்க வேண்டியது.

நம்மால் முடியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர், பெரம்பலூரில் 5,65,223 பேர். சேர்த்தால் 13 லட்சத்துக்குச் சற்று மேல். ஒல்லியே நோய் லட்சத்தில் ஒருவருக்கு வரலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மஃபூச்சி இன்னும் அரிது. அப்படியானால் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்துப் பதின்மூன்று, பதினான்கு பேர். நோட்டில் ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தை எழுதிவைக்க நமக்கு நிதியும் தேவையில்லை, புதுக் கட்டடமும் தேவையில்லை.

இன்று அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்தார்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி மருத்துவமனைகளுக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு இடமுண்டு. மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஆட்சியர் அலுவலகம் வழிசெய்கிறது. எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. விரலில் முண்டோடு ஒரு பிள்ளை வரும்போது, கிராமச் செவிலியர் அதைக் குறித்து, மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்று, ஆண்டுக்கொருமுறை “ஏன் இன்னும் வரவில்லை?” என்று தொலைபேசியில் கேட்டால், இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இந்த அவையிலிருக்கும் இளம் மருத்துவர்களுள் ஒருவர் அந்த நோட்டைத் தொடங்குவாரானால், இந்த அறக்கட்டளைக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

பொதுமக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. எக்ஸ்ரே உறையின் மேல் பெயர், தேதி, வலமா இடமா என்று எழுதுங்கள். ஈரம் படாத இடத்தில், ட்ரங்குப் பெட்டியில் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பொருள் வாங்க வருபவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பெண் இப்போது ஆண்டுதோறும் வருகிறார். கையில் மஞ்சள் பை. உள்ளே ஆறு ஆண்டுப் படங்கள் வரிசையாக இருக்கும். உறையின் மேல் அவருடைய மூத்த மகள் தேதி எழுதியிருக்கிறாள். அன்று கிரகணம் பார்க்கப் படத்தை வெட்டிய பிள்ளைகளுள் அவளும் ஒருத்தி. கல்லமேட்டு எலும்பை நம்மால் மீட்க முடியாது. இந்தப் பிள்ளை அடுக்கி வைத்திருப்பதை நாம் எல்லோரும் அடுக்கி வைக்க முடியும். வரும் போகிக்கு வீட்டைக் கழிக்கும்போது, பரணில் இருக்கும் எக்ஸ்ரே உறையை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.